எட்டு வயதுப் பையனுக்கு என்ன 'தொழில்' சிகிச்சை?

தையற்கடை அப்பா (விருதுநகர்):

எல்லோருக்கும் வணக்கம். கடையில் மின்சாரம் போய்விட்டது, மிஷின் சும்மா நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன ஆண்டு முழுவதும் பள்ளியிலிருந்து புகார்தான். உட்கார மாட்டேன் என்கிறான், பாதியில் எழுந்து போகிறான், நோட்டைக் காணோம். அடித்தும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். கடைசியில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பார்த்தவுடன் பெயர் சூட்டிவிடவில்லை. எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். வீட்டில் மட்டும் இப்படியா பள்ளியிலுமா, எத்தனை வயதிலிருந்து, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். மூன்றாவது முறை போனபோதுதான் ஏ.டி.எச்.டி. என்றார், அதாவது கவனக் குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும் சேர்ந்த நிலை. மாத்திரையைப் பற்றி அடுத்த முறை பேசலாம் என்று சொல்லிவிட்டு, சீட்டில் "ஓ.டி." என்று இரண்டே எழுத்து எழுதிக் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த ஓ.டி. என்றால் ஓவர்டைம். தீபாவளிக்கு முந்தின வாரம் நான் பார்ப்பது. கைப்பேசியில் தேடினால் ஆக்குபேஷனல் தெரபி, "தொழில்சார் சிகிச்சை" என்று வருகிறது. அது என் அம்மாவின் காதில் விழுந்ததும், "எட்டு வயதில் என்ன தொழில்? உன்னோடு மிஷினில் உட்கார வைக்கப் போகிறார்களா?" என்று பிடித்துக்கொண்டார்.

விசாரித்து ஒரு தனியார் மையத்தில் சேர்த்தேன். பெயர் வேண்டாம். 24 அமர்வு, ஒன்றுக்கு 700 ரூபாய். உள்ளே ஊஞ்சல், பெரிய பந்து, குதிக்கிற வலை, பிளாஸ்டிக் பந்துகள் நிரப்பிய தொட்டி. முக்கால் மணி நேரம் பையன் உள்ளே, நான் வெளியே செருப்புகளுக்குக் காவல். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "சென்சரி" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எட்டு அமர்வு முடிந்து 5,600 ரூபாய் போயிருக்கிறது. பையனுக்கு அந்த இடம் என்றால் உயிர். ஆனால் வீட்டில் எதுவும் அசையவில்லை.

வீட்டில் என்ன என்று சொல்கிறேன். காலை 7.40க்கு வேன். ஆறரைக்கு எழுப்புகிறோம். குளியலறையிலிருந்து பீரோவுக்குப் பத்தடி. அந்தப் பத்தடிக்குள் சுவரில் ஒரு பல்லி இருக்கும், பையன் அங்கேயே நின்றுவிடுவான். துண்டோடு. சட்டையைக் கையில் கொடுத்தால் பட்டன் போடத் தெரியாது. ஊருக்கெல்லாம் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவன் பிள்ளைக்கு! இடது கையால் துணியைப் பிடிக்க மாட்டான், வலது கை விரல்களால் பட்டனைக் காஜாவின் மேல் வைத்து அப்படியே அழுத்துவான். அது நழுவும். இரண்டு முறை முயன்றுவிட்டு, மேலே ஒன்று மாற்றிக் கீழே ஒன்று போட்டுக்கொண்டு ஓடுவான். வேன் ஹாரன் அடிக்கும், என் மனைவி கத்துவாள், நான் போட்டுவிடுவேன். பென்சிலையும் ஆணி அடிப்பது போலப் பிடித்து அழுத்துகிறான். எழுத்து மூன்று பக்கம் தாண்டித் தடம் பதிகிறது. ஒரு வீட்டுப் பாடத்துக்கு மூன்று முறை முனை உடைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடையில் பட்டன் டப்பா இருக்கிறது, கலந்து கிடக்கும். அதைக் கொட்டி, இரண்டு துளை தனி, நான்கு துளை தனி, நிறம் தனி என்று ஒரு மணி நேரம் தலை நிமிராமல் பிரிப்பான். பார்க்கிறவர்கள், "இதற்கு உட்காருகிறான் இல்லையா, அப்படியானால் இது நோய் இல்லை, கொழுப்பு" என்கிறார்கள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்த ஊஞ்சலுக்கு மீதிப் பதினாறு அமர்வும் கட்டலாமா? இந்தச் சிகிச்சை உண்மையில் எதற்கு? இதைச் செய்தால் மாத்திரை வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரட்டைச்சடை அம்மா (திருச்சி):

அண்ணா, நான் ஓராண்டு கட்டினேன். என் மகளுக்கு ஊஞ்சலாடத் தெரிந்தது. அதற்கு எங்கள் தெருமுனைப் பூங்கா போதும். ஒரு நாள்கூட அவர்கள் என்னிடம் "உங்களுக்கு வீட்டில் எது கஷ்டம்" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் தலை வாரும்போது வீடே இரண்டுபடுவதைச் சொல்லியிருப்பேன்.

பணத்தை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.


கால் தரையில் (கோயம்புத்தூர்):

அண்ணா, வணக்கம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளோடுதான் வேலை. உங்கள் பையனை நான் பார்க்கவில்லை, அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் நீங்கள் பட்டனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த நான்கு வரி பல மையங்கள் எழுதித் தரும் மதிப்பீட்டு அறிக்கையைவிட நன்றாக இருக்கிறது. இடது கை துணியைப் பிடிக்கவில்லை என்பதைத் தையற்காரர்தான் கவனிப்பார்.

முதலில் உங்கள் அம்மாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி. இந்தத் துறைக்கான சங்கம் அமெரிக்காவில் 1917இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு நெசவு, மரவேலை என்று கைவேலை கொடுத்து உடலையும் மனத்தையும் மீட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் முதல் பள்ளி 1950இல் மும்பையில் வந்தது. இன்று அந்தத் 'தொழில்' என்ற சொல்லுக்குப் பொருள், ஒரு மனிதர் தன் நாளில் செய்தாக வேண்டியதும் செய்ய விரும்புவதும். எட்டு வயதுப் பையனுக்கு அது உடுத்துவது, உண்பது, எழுதுவது, பையை அடுக்குவது, மற்றப் பிள்ளைகளோடு சண்டையில்லாமல் விளையாடுவது.

ஆகவே ஓ.டி. கவனத்தை ஊசி போட்டு ஏற்றுகிற வேலை அல்ல. கவனம் நழுவுகிற பிள்ளை, அந்த நழுவலோடே தன் காலை வேளையைக் கடந்துவர வழி செய்வது. உங்கள் பையனின் ஊஞ்சலில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். அவன் சட்டை போடுவதை அங்கே யாராவது ஒரு முறை பார்த்தார்களா?

ஊஞ்சலின் கதை வேறு. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1972இல் ஒரு புத்தகம் எழுதினார். உடல் அசைவு, தொடுதல், சமநிலை ஆகிய உணர்வுகளை மூளை ஒழுங்காகச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கற்றலும் நடத்தையும் பாதிக்கும் என்பது அவர் கருத்து. அந்த மையத்தார் "சென்சரி" என்று சொல்வது இதைத்தான். ஊஞ்சலும் பந்தும் அங்கிருந்து வந்தவை. கருத்து அழகானது. சான்று அந்த அளவுக்கு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், ஆய்வுகள் குறைவு, முடிவாக எதுவும் சொல்ல முடியாது, பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், செய்வதானால் இலக்கும் கால வரம்பும் வைத்துச் செய்யுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னது. என் சக ஊழியர்கள் சிலருக்கு நான் இதை இங்கே எழுதுவது பிடிக்காது. ஊஞ்சலை நானும் பயன்படுத்துகிறேன். பிள்ளை சந்தோஷமாக உள்ளே வர அது உதவுகிறது. பத்து நிமிடம். அதற்குப் பிறகு சட்டை.

நாளைக்கு அந்த மையத்துக்குப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள். "என் பையனுக்கு நீங்கள் வைத்திருக்கும் இலக்கை எழுதிக் கொடுங்கள்." இலக்கு என்றால் "கவனம் மேம்படும்" அல்ல. "ஆறு வாரத்துக்குள், வாரத்தில் நான்கு நாளாவது, ஐந்து பட்டனில் நான்கைத் தானே போடுவான்" என்பது போல. எண்ணிப் பார்க்க முடிகிறதா, அதுதான் சோதனை. அப்படி எழுதிக் கொடுத்தால் மீதிப் பணத்தைக் கட்டுங்கள். கூடவே படிப்பையும் கேளுங்கள். பி.ஓ.டி. என்பது பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுக்கும் மேலான பட்டப் படிப்பு. சில வாரச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, பட்டனுக்கு வருவோம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வரை கை கால் ஒருங்கிணைப்பிலும் சிரமப்படுகிறார்கள். அதனால் "கவனித்தால் வந்துவிடும்" என்று விட்டுவிட முடியாது. இப்படிச் செய்து பாருங்கள். காலையில் வேண்டாம், வேன் வருகிற நேரத்தில் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்க முடியாது. மாலையில், பள்ளிச் சட்டையை மாற்றுவதற்கு முன். பட்டனை நீங்கள் பாதி நுழைத்து வையுங்கள், மறுபுறம் வந்த பாதியை அவன் பிடித்து இழுக்கட்டும். அவ்வளவுதான் முதல் வாரம். முடிக்கிற வேலை அவனுடையதாக இருக்க வேண்டும். இழுப்பது கைவந்த பிறகு நுழைப்பதையும் அவனிடம் கொடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப் பட்டனில் தொடங்குங்கள். கழுத்துப் பட்டன் கடைசி, அது பெரியவர்களுக்கே தொல்லை.

அவன் தடுமாறும்போது வழியைச் சொல்லிவிடாதீர்கள். கேளுங்கள். "எங்கே மாட்டிக்கொண்டது? என்ன செய்து பார்க்கலாம்?" கனடாவில் ஹெலீன் பொலடாய்கோ, ஏஞ்சலா மாண்டிச் என்ற இருவர் இதையே ஒரு முறையாக வகுத்தார்கள். இலக்கு, திட்டம், செய், சரிபார். திட்டம் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும் என்பதுதான் அதன் உயிர். நாம் சொன்னதை மறந்துவிடுவான், அவனே கண்டுபிடித்தது நிற்கும்.

பென்சில்: எழுதுகிற தாளுக்கு அடியில் கெட்டி அட்டை வைக்காமல் மடித்த துணியை வையுங்கள். அழுத்தினால் தாள் கிழியும். கிழிவதை அவன் கண்ணால் பார்ப்பான், கை தானே இளகும். எழுதும்போது கால் தொங்குகிறதா என்று பாருங்கள். என் பெயரே அதுதான். கால் தரையில் படாமல் முதுகு நிற்காது, முதுகு நிற்காமல் விரல் வேலை செய்யாது. ஒரு மரப்பலகையோ இரண்டு செங்கல்லோ போதும்.

காலை வேலை: "குளித்துவிட்டு, சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு வா" என்று மூன்றை ஒன்றாகச் சொன்னால் முதலாவதோடு மற்ற இரண்டும் காணாமல் போகும். அவனையே ஒவ்வொரு வேலையும் செய்யவிட்டுப் படம் எடுங்கள், ஆறு படம், பீரோக் கதவில் வரிசையாக ஒட்டுங்கள். "ஐந்து நிமிடம்" என்பது அவனுக்கு வெறும் சத்தம். நேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்களிடம் தையல் சாக்பீஸ் இருக்குமே, கடிகாரக் கண்ணாடியில் பெரிய முள் வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.

பட்டன் டப்பாவைப் பற்றி. அது கொழுப்பு அல்ல. ஏ.டி.எச்.டி.யில் கவனம் இல்லாமல் இல்லை, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் சிக்கல். ருசியான வேலையில் அது தானாக ஒட்டும். ருசியில்லாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது.

மாத்திரை விஷயம் மருத்துவருடையது. ஓ.டி. அதற்கு மாற்று அல்ல, மாத்திரை ஓ.டி.க்கு மாற்றும் அல்ல. மாத்திரை பட்டன் போடக் கற்றுத்தராது. சில பிள்ளைகளுக்கு அது கற்றுக்கொள்ள நிற்கிற நேரத்தைத் தரும். "எங்களிடம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று எந்த மையமாவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, காசு. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை அமைத்துவருகிறார்கள். டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். 18 வயது வரை பார்ப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டும், அதுதான் விலை.


கரும்பலகை டீச்சர் (கோவில்பட்டி):

அண்ணாச்சி, நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவள். என் வகுப்பில் 38 பேர். ஒரு பெஞ்சில் மூவர். மருத்துவ அறிக்கை என்று ஆங்கிலத்தில் ஆறு பக்கம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதில் "தனி இருக்கை, அமைதியான மூலை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அசைவு இடைவேளை" என்று இருக்கும். அமைதியான மூலை எங்கள் பள்ளியிலேயே கிடையாது, தலைமையாசிரியர் அறை உட்பட.

பள்ளிக்குப் போகும்போது தமிழில் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே ஒரு உதவி கேளுங்கள். என் வகுப்பில் இப்படி இருக்கிற பையனைப் பெஞ்சின் ஓரத்தில், நடைபாதைப் பக்கம் உட்கார வைத்திருக்கிறேன். நோட்டுகளை அடுக்கிக் கொண்டுவருவது, பலகை அழிப்பது, பக்கத்து வகுப்பிலிருந்து சாக்பீஸ் வாங்கி வருவது எல்லாம் அவன் பொறுப்பு. எப்படியும் எழுந்திருக்கப் போகிறான், நான் சொல்லி எழுந்திருக்கட்டுமே. எனக்கும் பலகை அழிக்கிற வேலை மிச்சம்.

உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். பள்ளி இலக்கணத்தில் தொழிற்பெயர் படித்திருப்பார். நடத்தல், உண்ணல், உடுத்தல், எழுதுதல். அதில் சம்பளம் வருகிற தொழில் ஒன்றும் இல்லை. அந்தத் தொழில்தான் இது.


முப்பத்தொன்றில் தெரிந்தது (ஈரோடு):

எனக்கும் இதே. 31 வயதில்தான் மருத்துவர் பெயர் வைத்தார். அதுவரை அப்பா வைத்த பெயர்கள்தான். அவற்றை இங்கே எழுத முடியாது.

தெரபிஸ்ட் அக்கா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. அந்த ஆறு படம் இரண்டு வாரத்துக்குத்தான். அதற்குப் பிறகு அது சுவர் ஆகிவிடும், கண்ணில் படாது. என் மனைவி எனக்காகக் கதவில் ஒட்டிய பட்டியலை ஒரு மாதமாக நான் பார்க்கவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் அங்கே பட்டியல் இருப்பதே தெரிந்தது. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

டப்பாவை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். "வீட்டுப் பாடம் முடித்தால்தான் பட்டன்" என்று தண்டனையாக்கிவிடாதீர்கள். ஒரு நாளில் அந்தப் பையன் சரியாகச் செய்கிற ஒரே வேலை அதுவாக இருக்கலாம்.


கால் தரையில்:

ஈரோட்டுத் தம்பி சொல்வது சரி. படங்களை மாற்ற வேண்டும் என்று எழுத விட்டுவிட்டேன்.


தையற்கடை அப்பா (ஏழு வாரம் கழித்து):

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதவில்லை, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இடையில் பள்ளிச் சீருடை சீசன் வேறு.

மையத்தில் இலக்கை எழுதிக் கேட்டேன். நாளை, நாளை என்று ஒரு வாரம் இழுத்து ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே வேறொரு பிள்ளையின் பெயரை வெள்ளை மை பூசி அழித்து என் பையன் பெயரை எழுதியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பழைய பெயர் தெரிகிறது. உள்ளே இலக்கு: "சுட்டிக்காட்டினால் பூனை, நாய் படங்களை அடையாளம் சொல்வான்." என் பையன் நாயின் சாதியையே சொல்வான். சண்டை போடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பையன் ஊஞ்சலுக்காக இரண்டு நாள் அழுதான்.

அரசு மையத்தில் மூன்று வாரம் காத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை தோறும் போகிறோம். அங்கே இருந்த தெரபிஸ்ட் என்னிடம் பேசுவதற்கு முன் பையனிடம் கேட்டார், "உனக்கு எதை நீயாகச் செய்ய ஆசை?" நான் பட்டன் என்று சொல்வான் என்று நினைத்தேன். "அப்பா மிஷினில் பாபின் சுற்ற வேண்டும்" என்றான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அம்மா பயந்தது நடந்துவிடும் போலிருக்கிறதே என்று! அவர் சிரிக்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டார். முதல் இலக்கு பாபின், இரண்டாவது பட்டன்.

பாபின் என்பது மிஷினின் அடிநூலுக்கான சின்ன உருளை. அதில் நூல் சுற்றுவதைச் சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். முப்பது ஆண்டாகச் செய்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. நூல் முனையை இரண்டு விரலால் பிடித்து, பாபினின் ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் இழுத்து, ஒரு கையால் முனையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பாபினைக் கம்பியில் மாட்ட வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை வேலை செய்ய. பட்டனுக்கு அவனிடம் இல்லாதது எதுவோ, அதுவேதான். மிஷினை நான் ஓட்டுகிறேன், மாட்டுவது வரை அவன். முதல் நான்கு நாள் நூல் சிக்கல். ஐந்தாம் நாள் ஒரு பாபின் நிறைந்தது, நடுவில் வயிறு தள்ளி, மேடு பள்ளமாக. அதை நான் பயன்படுத்தவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பட்டன் இப்போது இப்படி. மாலையில் ஐந்தும் போடுகிறான், கழுத்துப் பட்டன் தவிர. இழுப்பது இரண்டே நாளில் வந்துவிட்டது. நுழைப்பதில் நின்றான். வாயைக் கட்டிக்கொண்டு, "எங்கே மாட்டிக்கொண்டது?" என்று மட்டும் கேட்டேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இது நின்றுகொண்டு போகப் பார்க்கிறது. படுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்" என்றான். பட்டனைச் சாய்த்து விளிம்பால் விட்டான். இப்போது ஒவ்வொரு பட்டனிடமும் "படு, படு" என்று சொல்லிக்கொண்டே போடுகிறான். காலையில் இன்னும் முழுதாக வரவில்லை. போன வாரம் ஐந்து நாளில் மூன்று நாள் தானே போட்டான். வியாழக்கிழமை ஒன்றுமே இல்லை, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றான், நான் கத்திவிட்டேன். என் மனைவி நாள்காட்டியில் அதையும் குறித்து வைத்திருக்கிறாள், கத்தியதை.

படம் ஒட்டினோம். ஆறு படம் எடுக்கச் சொன்னீர்கள், ஏழு ஒட்டியிருக்கிறான். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பல்லியின் படம். கேட்டால், "எப்படியும் பார்க்கத்தானே போகிறேன்" என்கிறான். கடிகாரத்தில் பல்லிக்கும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. ஈரோட்டுத் தம்பி சொன்னபடி பத்து நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறோம்.

மாத்திரையை மருத்துவர் போன மாதம் தொடங்கினார், குறைந்த அளவு. பசி கொஞ்சம் குறைந்திருக்கிறது, சொல்லியிருக்கிறோம், எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளியில் ஆசிரியை பெஞ்சின் ஓரத்துக்கு ஒப்புக்கொண்டார். பலகை அழிக்கிற வேலைக்கு ஏற்கெனவே மூன்று பேர் வரிசையில் இருக்கிறார்களாம், அடுத்த பருவம்தான். எழுத்து அப்படியேதான் இருக்கிறது. துணி வைத்ததில் தாள் கிழிகிறது, கை இளகவில்லை, நோட்டுதான் தீர்கிறது. அதற்கு வேறு ஏதாவது உண்டா, மேடம்?


கால் தரையில்:

மேடம் வேண்டாம் அண்ணா, தங்கை போதும். பல்லிப் படத்தை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

எழுத்துக்கு: துணியை எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் இளகாவிட்டால் அது அவனுக்கான வழி இல்லை. முனை நீட்டித் தள்ளுகிற மெக்கானிக்கல் பென்சில் கொடுத்துப் பாருங்கள், அழுத்தினால் முனை உள்ளே போகும் அல்லது முறியும், நோட்டு பிழைக்கும். அதோடு செங்குத்தாக எழுதட்டும். சுவரில் தாளை ஒட்டி, நின்றுகொண்டு. உங்கள் கடைச் சுவரில் துணியளவு எழுதுகிற வேலையை அவனிடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு எண், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் தெரபிஸ்டிடம் அவன் எழுதுவதை நேரில் காட்டுங்கள், நோட்டை மட்டும் அல்ல. கை எப்படிப் போகிறது என்று நோட்டில் தெரியாது.


இரட்டைச்சடை அம்மா:

அண்ணா, சீருடைச் சட்டையில் ஏதாவது மாற்றினீர்களா? என் மகளுக்கும் பட்டன் தகராறுதான். வெல்க்ரோ வைத்தால் மற்றப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்று பயம்.


தையற்கடை அப்பா:

மாற்றினேன் தங்கை. வெல்க்ரோ வேண்டாம். வழக்கமான பட்டனைவிட ஒரு சுற்றுப் பெரிய பட்டன், அதே வெள்ளை. துணியோடு ஒட்டித் தைக்காமல், நடுவில் தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றிக் கழுத்து வையுங்கள். பட்டன் எழும்பி நிற்கும், விரலுக்குப் பிடி கிடைக்கும். காஜாவை ஒரு நூல் அளவுதான் நீட்டினேன். அதற்கு மேல் போனால் தானாகக் கழன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆசிரியைக்கே தெரியவில்லை. உங்கள் ஊர்த் தையற்காரர் செய்ய மாட்டேன் என்றால் சட்டையை எனக்கு அனுப்புங்கள். பட்டன் பிரித்து வைக்க இங்கே ஆள் இருக்கிறது.